சால்ஃபோர்டிலிருந்து அப்பாவுக்கு

சால்ஃபோர்டு, இங்கிலாந்து
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, அப்பாயி, தம்பி எல்லோரும் நலம்தானே? போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளிருதா" என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. அங்கே ஒலியியல் படிப்பில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று நீங்கள் கேட்டதற்கு இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உங்களிடம் ஒரு விஷயம் கேட்கவும் வேண்டியிருக்கிறது. அது கடைசியில்.

குளிர் பழகிவிட்டது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், அதுதான் கொஞ்சம் கஷ்டம். படிப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அந்தச் சம்பளத்தில் வாடகையில் பெரும்பகுதி தேறிவிடுகிறது. மான்செஸ்டரில் ரஷோம் பக்கம் போனால் அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் கிடைக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள், பட்டினி இல்லை.

இப்போது படிப்பு. பாதிப் பாடம் நீங்கள் மைக் செட் போடும்போது கத்திச் சொன்னதுதான் அப்பா! கச்சேரி மேடையில் பாட வருபவர்களிடம் எல்லாம் "மைக் தலையைப் பிடிக்காதீங்க" என்பீர்களே, அதற்கு இங்கே ஒரு முழு வகுப்பு. மேடை மைக்கின் வலைக்குக் கீழே, பின்பக்கமாகச் சின்னத் துளைகள் இருக்கின்றன. பின்னாலிருந்து வரும் சத்தம் அந்தத் துளை வழியாகவும் முன்பக்கம் வழியாகவும் ஒரே நேரத்தில் உள்ளே போய், மெல்லிய தகட்டை இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளுகிறது. தகடு அசையாது. அதனால்தான் பாடுபவரின் குரலை எடுக்கும் மைக், பின்னாலிருக்கும் ஸ்பீக்கர் பாக்ஸை விட்டுவிடுகிறது. தலையைப் பொத்திப் பிடித்தால் துளை அடைபட்டு, மைக் எல்லாத் திசையிலும் கேட்க ஆரம்பித்துவிடும். பாக்ஸ் சத்தம் மைக்கில் ஏறி, ஆம்ப்ளிஃபயர் வழியாக மறுபடி பாக்ஸுக்கே வந்து, விசில் அடிக்கும். நீங்கள் காதால் கண்டுபிடித்ததை இங்கே படம் போட்டுக் காட்டினார்கள்.

குழாய் ஸ்பீக்கரும் அப்படித்தான். தவிலில் தடித்த சத்தம் தரும் தொப்பிப் பக்கம் குழாயில் ஏறவே ஏறாது, கூர்மையாகக் கேட்கும் வலந்தலை மட்டும் ஊரெல்லாம் கேட்கும் என்பீர்கள். குழாயின் வாய்ச் சுற்றளவு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு நீளமுள்ள அலை வரைக்கும்தான் அது நன்றாகத் தள்ளும். அரை மீட்டர் அகல வாய் என்றால் சுற்றளவு ஒன்றரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அது சுமார் 220 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 220 அதிர்வு. அதற்குக் கீழே போகப் போகச் சத்தம் விழுந்துவிடும். தொப்பியின் தடித்த நாதம் அதற்கும் கீழே இருக்கிறது. குழாய் கட்டக்கூடாது என்று போலீஸ் சொல்ல ஆரம்பித்து நீங்கள் பாக்ஸுக்கு மாறியபோது, "இப்பதான்டா தவில் தவிலா கேக்குது" என்று நாதஸ்வரக்காரர்கள் சொன்னது இதைத்தான்.

ஒன்றில் மட்டும் உங்களோடு மாறுபடுகிறேன். ஒயரை முழங்கையில் சுற்றாதீர்கள். உள்ளே முறுக்கு ஏறி, கம்பி நாளடைவில் ஒடியும். ஒரு வளையம் நேராக, அடுத்தது உள்பக்கமாகத் திருப்பி என்று மாற்றி மாற்றிச் சுற்றினால் முறுக்கு விழாது, வீசினாலும் சிக்காமல் நேராக ஓடும். முதலிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். தம்பிக்கு வீடியோவில் காட்டுகிறேன்.

இந்தப் பல்கலைக்கழகத்தில் எதிரொலியே இல்லாத ஓர் அறை இருக்கிறது. சுவர், கூரை, தரை என ஆறு பக்கமும் நுரைக் கூம்புகள். கம்பி வலை மேல்தான் நடக்க வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் சத்தத்தை அளந்தால் மைனஸ் 12.4 டெசிபல். நல்ல காது கேட்கக்கூடிய மிகச் சிறிய சத்தத்தைத்தான் 0 என்று வைத்திருக்கிறார்கள், இது அதற்கும் கீழே. கைதட்டினால் மெத்தையில் தட்டிய மாதிரி இருக்கும். கூட வந்தவர்கள் பயந்தார்கள். வெட்டவெளித் திடலில் ராத்திரி ரெண்டு மணிக்கு மைக் டெஸ்ட் செய்த உங்களுக்கு அது அவ்வளவு புதிதாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு நேர் எதிராக இன்னோர் அறை. கெட்டியான சுவர்கள், ஒரு சொல் சொன்னால் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். நம் கோயில் கல் மண்டபத்தில் அறிவிப்பு புரியாமல் போகுமே, அதே சங்கதி. இதை முதலில் கணக்குப் போட்டவர் வாலஸ் சபைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசினால் ஒன்றுமே புரியவில்லை, சொன்ன சொல் ஐந்து நொடிக்கு மேல் நின்றது. இவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்கி, ராத்திரி ராத்திரியாக அளந்தார். எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது, மெத்தைக்குப் பதில் மனிதர்கள் உட்கார்ந்தால் எவ்வளவு என்றெல்லாம் கணக்கிட்டுத்தான் சூத்திரம் எழுதினார். கல்யாண மண்டபம் காலியாக இருக்கும்போது சத்தம் குழம்பினால், "கூட்டம் வந்தா சரியாயிடும்" என்று நீங்கள் விட்டுவிடுவீர்கள். அந்தச் சூத்திரமும் அதைத்தான் சொல்கிறது.

ஒலிப்பதிவு வகுப்பில் ஒரு பித்தளை வாத்தியக் குழுவைப் பதிவு செய்தோம். இந்தப் பக்கத்தில் பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் இருந்த காலத்தில் தொழிலாளர்கள் சேர்ந்து ஊருக்கு ஊர் பேண்டு வைத்திருக்கிறார்கள், சில இன்னும் வாசிக்கின்றன. ஒரே இடத்தில் இரண்டு மைக், ஒன்றுக்கொன்று 90 டிகிரி திருப்பி வைத்தோம். ஆலன் ப்ளூம்லைன் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் 1931-இல் காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்த முறை அது. ஸ்டீரியோவுக்கு அடிப்படை போட்டவர்களில் அவர் முக்கியமானவர். 1942-இல், இன்னும் 40 வயதுகூட ஆகாதபோது, ரேடார் சோதனை விமானம் விழுந்து இறந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டால் கார்னெட் இடப்பக்கம், ட்ரோம்போன் வலப்பக்கம் என்று ஒவ்வொருவரும் உட்கார்ந்த இடம் தெரிகிறது. மைக்கை ஓரடி நகர்த்துவது எந்தத் திருகைத் திருகுவதையும்விடப் பெரிய மாற்றம் தருகிறது. எனக்கு இந்தப் படிப்பில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

அப்புறம், ஸ்டையல் என்ற ஊரில் குவாரி பேங்க் என்ற பழைய பஞ்சாலைக்குப் போனேன். பார்வையாளர்களுக்காகத் தறிகளை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். சில தறிகள் ஓடும்போதே பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்கவில்லை. அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரையின் கீழ் ஓடியிருக்கின்றன. நெசவு செய்த பெண்கள் உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசி, உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளப் பழகியிருக்கிறார்கள். பலருக்கும் போகப் போகக் காது மந்தமாகிவிட்டது. அதைக் கேட்டபோது எனக்கு உங்கள் நினைப்புதான் வந்தது.

போன பொங்கலுக்கு வந்தபோதே கவனித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து சொல்வது உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது. அவர் முகத்தைப் பார்த்தால் புரிந்துகொள்கிறீர்கள். மிக்ஸரில் ட்ரெபிளை வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். தம்பி காதைப் பொத்துகிறான், நீங்கள் "இன்னும் மந்தமா இருக்கு" என்கிறீர்கள். பாக்ஸில் குறை இல்லை அப்பா. உள்காதில் சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள்தான் இருக்கின்றன. பெருஞ்சத்தத்தில் முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கேட்கும் செல்கள். போனவை மறுபடி முளைப்பதில்லை. ச, ஸ போன்ற எழுத்துகளின் தெளிவு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

கணக்கு இதுதான்: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். நீங்கள் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறீர்கள். இங்கே 85-ஐத் தொட்டால் முதலாளி காதுக்குப் பாதுகாப்பு கொடுத்தே ஆக வேண்டும். 2008-இலிருந்து கச்சேரி அரங்குகளுக்கும் அந்தச் சட்டம் உண்டு.

கூடப் படிக்கும் திருச்சிப் பெண் மார்ச்சில் ஊருக்கு வருகிறாள். அவளிடம் இரண்டு ஜோடி காதடைப்பான் கொடுத்தனுப்புகிறேன். பஞ்சு வைத்த மாதிரி எல்லாவற்றையும் அடைக்காது. வாத்தியக்காரர்களுக்கென்று செய்தது, பாஸும் ட்ரெபிளும் ஒரே அளவில் குறையும். அதைப் போட்டுக்கொண்டே மிக்ஸர் பார்க்கலாம், தொழிலுக்கு இடைஞ்சல் வராது. நார்த்தாமலைத் தேருக்குப் போட்டுக்கொண்டு போங்கள், நாற்காலியையும் பாக்ஸுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளிப் போடுங்கள். இன்னொரு ஜோடி தம்பிக்கு. அவன் வேண்டாம் என்பான், விடாதீர்கள். அவன் காது இன்னும் நன்றாக இருக்கிறது.

திருவிழா சீசன் தொடங்குவதற்குள் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய், காது எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். "எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லாதீர்கள். அந்தத் தாளை போட்டோ எடுத்து அனுப்புங்கள், இரண்டு காதின் கோடும் தெரிகிற மாதிரி. நான் பார்த்துவிட்டு அன்றைக்கே போன் செய்கிறேன்.

அப்பாயிக்கு என் வணக்கம். அம்மா தந்த பருப்புப்பொடி இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மகள்