மலசலகூடத் திறப்பும் 'பரிசுத்தம்' என்ற சொல்லும்

போதகர் ஐயாவுக்கும் ஆலய நிர்வாகக் குழுவின் பெரியோருக்கும்,

ஸ்தோத்திரம்.

கடந்த ஞாயிறு ஆராதனை நேரத்தில் என் அம்மாவுக்கு அவசரம் வந்தபோது ஆலய மலசலகூடம் பூட்டிக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். உங்களில் இருவர் வாசலிலேயே நின்றீர்கள். ஆகவே கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை.

மலசலகூடக் கதவில் ஒட்டியிருக்கும் அறிவித்தலை அன்றுதான் முழுமையாக வாசித்தேன். "தேவாலயத்தின் பரிசுத்தத்தைப் பேணும் பொருட்டு இது பூட்டப்பட்டுள்ளது. தேவையானோர் திறப்பைக் குழுவினரிடம் பெறலாம்." வாசிக்க நேரம் தாராளமாக இருந்தது. திறப்பை வைத்திருந்தவர் அப்போது பாடற்குழுவின் இரண்டாம் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தார்.

என் அம்மாவுக்கு 76 வயது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. காலையில் குடிக்கும் குளிசை அவரை அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க எழுப்பிவிடும். நீங்கள் பூட்டுப் போட்ட நாளிலிருந்து அவர் தனக்கென்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார் என்பதை அண்மையில்தான் கண்டுபிடித்தேன். சனி இரவு ஏழு மணிக்குப் பின் தண்ணீர் இல்லை, ஞாயிறு காலை குளிசை இல்லை. ஆராதனை முடிந்து வீடு வந்து, பகல் சாப்பாட்டோடுதான் அதை விழுங்குவார். கால் வீங்கி, செருப்பு வாரின் தடம் மாலைவரை பாதத்தில் பதிந்தே கிடக்கும். கேட்டால், "ஒரு நாள்தானே பிள்ளை" என்பார். கடந்த ஞாயிறு நான் வற்புறுத்திக் குடிக்கவைத்தேன். குற்றம் என்னுடையதுதான்.

ஒரு கையால் என்னையும் மறு கையால் சேலைக் கொசுவத்தையும் பற்றிக்கொண்டு அம்மா வீதியைக் கடந்தார். எதிரே சைவக் கடை. நெற்றி நிறையத் திருநீறு பூசிய முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். ஏன், எதற்கு என்று ஒரு சொல் கேட்கவில்லை. தோசைக்கல்லைத் தாண்டிப் பின்பக்கம் கூட்டிப்போய், வாளியில் தண்ணீர் நிரப்பிவைத்து, தரை வழுக்கும் என்று ஒரு சாக்கையும் விரித்துவிட்டார். நாங்கள் திரும்பி ஆலயப் படியேறும்போது உள்ளே சபையார் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக."

அந்த வரியில் உள்ள சொல்லும் உங்கள் அறிவித்தலில் உள்ள சொல்லும் ஒன்றுதானா ஐயா?

தமிழில் 'பரிசுத்தம்' என்ற சொல்லுக்குள் 'சுத்தம்' ஒளிந்திருப்பதால் நமக்கு இந்தக் குழப்பம் எளிதாக வந்துவிடுகிறது. எபிரேயத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். பரிசுத்தத்துக்குக் 'கதோஷ்', சுத்தத்துக்குத் 'தாஹோர்'. லேவியராகமம் 10:10 பரிசுத்தம் உள்ளதையும் இல்லாததையும் ஒரு சோடியாகவும், தீட்டு உள்ளதையும் இல்லாததையும் இன்னொரு சோடியாகவும் பிரித்தே வைக்கிறது. கதோஷ் என்பது கடவுளுக்கென்று வேறுபிரித்து வைக்கப்பட்டது. பினோயில் போட்டுக் கழுவுவதால் வருவதும் அல்ல, ஒரு கிழவி அவசரத்துக்கு ஒதுங்குவதால் போவதும் அல்ல.

"நீங்கள் பரிசுத்தராயிருங்கள்" என்ற கட்டளை லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வருகிறது. அதற்குக் கீழே வருபவற்றையும் வாசியுங்கள். வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கு விடு, கூலிக்காரனின் கூலியை இரவு முழுவதும் வைத்திராதே, குருடனின் வழியில் தடுக்கல் வைக்காதே. 32ஆம் வசனத்தில், நரைத்தவருக்கு முன்பாக எழுந்து நில். நாங்கள் எழுந்து நிற்கக்கூடக் கேட்கவில்லை. கதவைத் திறந்து வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இன்னொரு பகுதியும் உண்டு. அதன் பேரில் நம் பிரசங்க மேடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. உபாகமம் 23:12 முதல் 14 வரை. பாளயத்துக்குப் புறம்பே ஓர் இடம் இருக்கவேண்டும், தோண்டி மூடுவதற்கு ஒரு சிறுகோலும் கையில் இருக்கவேண்டும். காரணம், கர்த்தர் பாளயத்துக்குள்ளே உலாவுகிறார், ஆகையால் பாளயம் பரிசுத்தமாயிருக்கவேண்டும். பரிசுத்தத்தின் பெயரால் வேதாகமம் மலசலகூடத்துக்கு இடம் ஒதுக்குகிறது, பெரியோரே. பூட்டு வாங்கச் சொல்லவில்லை.

2019 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு வாசலில் பைகளைச் சோதிப்பதை நாங்கள் ஒருநாளும் குறைசொன்னதில்லை. பூட்டுக்குக் காரணம் அதுவல்ல என்பதும் எல்லாருக்கும் தெரியும். வார நாட்களில் புறக்கோட்டையில் மூட்டை தூக்குவோர் இரண்டொருவர் உள்ளே வந்து பாவித்துவிட்டார்கள். அதைத்தானே கூட்டத்தில் "பரிசுத்தக் குலைச்சல்" என்றீர்கள்? சனிக்கிழமை மண்டபத்தைத் திருமணத்துக்கு வாடகைக்கு விடும்போது மூன்று கதவுகளும் திறந்திருக்கின்றன, சவர்க்காரமும் புதிதாக இருக்கிறது. வாடகை கட்டியவர்களால் குலையாத பரிசுத்தம் சந்தா கட்டியவர்களால் குலைகிறது போலும். பீடத்துக்கு மேலே பொன்னெழுத்தில் "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்று பொறித்து, கீழே உபயகாரர்களின் பெயரை அதைவிடப் பெரிதாகப் பொறித்தபோது எவருக்கும் மனம் உறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கு எல்லா மதத்தவரும் மெழுகுதிரியோடு போகிறார்கள். அங்கே பரிசுத்தம் தேய்ந்துவிட்டதாக நான் கேள்விப்படவில்லை.

சற்று எல்லை மீறிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்ய ஆள் போதாது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள், நாங்கள் பெண்கள் முறை வைத்துக் கழுவுகிறோம். தண்ணீர்க் கட்டணம் கூடிவிட்டது என்றால் ஒரு தனிக் காணிக்கை எடுங்கள். அந்த அறிவித்தலிலிருந்து 'பரிசுத்தம்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆராதனை நேரத்தில் கதவைத் திறந்து வையுங்கள்.

வருகிற ஞாயிறு முதல் மணி அடிக்கும்போது அது திறந்திருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவிடம் குளிசையைக் குடித்துவிட்டுப் புறப்படச் சொல்லலாமா என்று சனி மாலைக்குள் ஒரு வார்த்தை தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சபை அங்கத்தவர் ஒருவர்,
கொழும்பு