தாத்தா சாப்பிட்டாரா?

வெள்ளிக்கிழமை அனிமேட்டிக்கை, அதாவது அனிமேஷன் படத்துக்கு முன்னோட்டமாக வரைபடங்களை வரிசையாக ஓடவிடும் காணொளியை, வகுப்பில் ஒப்படைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தவள் மறுநாள் மதியம்தான் எழுந்தேன். வேறு எதற்கும் முன்னால் இதை எழுதிவிட வேண்டும்.

ஒப்படைக்கும் நாள் நெருங்கிய அந்த வாரம் நான் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும். மறுபடி சொல்லி அழப்போவதில்லை. மடிக்கணினியைத் தூக்கிக் கொடுத்த மாமா மகன், இரவெல்லாம் கூட உட்கார்ந்து வரைந்த வகுப்புத் தோழிகள், இரண்டு நாள் அவகாசம் வாங்கித் தந்த ஆசிரியர், ஒரு வார்த்தை கேட்காமல் சோற்றை வைத்துவிட்டுப் போன அம்மா, எல்லாருக்கும் நன்றி.

மிச்ச நன்றி முழுக்க சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்துப் பரோட்டாக் கடை அண்ணனுக்கு.

வீட்டில் தம்பிக்குப் பரீட்சை. அதனால் இரவு இரண்டு மணிக்கு அவர் கடையில்தான் மேசை முழுக்கக் கதைக் காட்சிகளை வரைந்த மஞ்சள் ஒட்டுத்தாள்களைப் பரப்பி வைத்திருந்தேன். கதை சின்னது: ஒரு சிறுமி தூக்குச்சட்டியில் தாத்தாவுக்குச் சாப்பாடு கொண்டு போகிறாள். மேசை துடைக்க வந்த அண்ணன், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். பதினைந்தாவதில் நின்றார்.

“ஏன் தங்கச்சி, இந்தப் புள்ள சாப்பாட்டைக் குடுக்காமலே வீட்டுக்குத் திரும்பிடுச்சா?”

திரும்பவில்லை. நான்தான் கேமராவைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டேன். அவள் நடக்கும் பாதையை ஒரு கோடாக வைத்துக்கொண்டால் கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். தாண்டினால் வலது பக்கம் போகிறவள் இடது பக்கம் போவதாகத் தெரியும். 180 டிகிரி விதி. தேர்வில் படம் போட்டு விளக்கி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பிறகென்ன, இடையில் ஒரு பேனல், அதாவது இன்னொரு காட்சிப் படம், செருகினேன்: அவள் நேராகக் கேமராவைப் பார்த்து நடந்து வருகிறாள். திசை இல்லாத அந்த ஒரு படத்துக்குப் பிறகு கேமரா எந்தப் பக்கமும் போகலாம். மற்ற பேனல்களைத் திருத்தாமல் தப்பித்தேன்.

அப்புறம் நீளத் தாழ்வாரம். கேமரா பக்கவாட்டில் நகரும் பேன் ஷாட்டுக்கான லேஅவுட், அதாவது பின்னணி வரைபடம், திரையைவிட மூன்று மடங்கு அகலம். என்னிடம் அவ்வளவு நீளத் தாள் இல்லை. அண்ணன் கல்லாவிலிருந்து ரசீதுச் சுருளை எடுத்து நீளமாகக் கிழித்துக் கொடுத்தார். படத்தின் பார்வை மட்டமான தொடுவானக் கோட்டைச் சிறுமியின் கண் உயரத்துக்கு இறக்கி வரைந்தேன். கதவுகளெல்லாம் சட்டென்று பெரிதாகிவிட்டன. நடுவில் சூடான தேநீர்க் குவளையை அதன்மேல் வைத்துத் தொலைத்தேன். வெப்பம் பட்டால் கறுக்கும் தாள், அழகாக ஒரு கறுப்பு வளையம் விழுந்தது. அதை அழிக்கவில்லை. கதவு ஒன்றில் தொங்கும் மாலையாக்கிவிட்டேன்.

ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பும் வழியில் கைப்பேசியில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். முழுதும் பார்த்தார். “தாத்தா சாப்பிட்டாரா?” என்றார்.

அண்ணே, அந்த பேனலை இன்னும் வரையவில்லை. வரைந்துகொண்டு வருகிறேன். அன்றைக்கு நீங்கள் காசு வாங்காத நாலு தேநீருக்கும் சேர்த்து, அப்போது காசு வாங்கித்தான் ஆக வேண்டும்.