பெரிய எழுத்து, சின்ன எழுத்து

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், மஞ்சளுக்குப் பாய்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி, அது எப்போதும் உள்ளதுதான். போன் செய்தால் மீட்டிங் என்கிறாய், அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடு.

பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஆங்கிலம் படிக்க வருகிறான், ஆறாம் வகுப்பு. இந்த வாரம் பொதுப்பெயர், சிறப்புப்பெயர். மாடு சின்ன எழுத்து, காங்கேயம் பெரிய எழுத்து. ஜமக்காளம் சின்னது, பவானி பெரியது. “பவானி என்றால் ஆறா, ஊரா, எப்படித் தெரியும் ஆத்தா?” என்றான். ஆற்றுக்கு முன்னால் ‘தி’ போடுவார்கள், ஊருக்குப் போடமாட்டார்கள் என்றேன். “கூடுதுறையில் ரெண்டும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கின்றன?” என்கிறான். உன்னைப் போலவே வாய். கிழமைக்கும் மாதத்துக்கும் பெரிய எழுத்தாம், கோடைக்கும் குளிருக்கும் சின்ன எழுத்தாம். நம் எழுத்தில் இந்தத் தொல்லை இல்லை, அரசனும் ஆண்டியும் ஒரே உயரம்.

அவன் போன பிறகு, நீ வாட்ஸ்அப்பில் எழுதியதையெல்லாம் ஆடி மாதத்திலிருந்து எடுத்துப் படித்தேன். சிறப்புப்பெயர் என்று பார்த்தால் ஸ்டுட்கார்ட் ஒன்றுதான் இருக்கிறது. ‘நாங்கள்’ வர வேண்டிய இடத்தில் ‘நான்’ இருக்கிறது. பிழை திருத்தவில்லை கண்ணு, சும்மா கண்ணில் பட்டது.

உன் அப்பா பெயரை நான் இதுவரை சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டிவிடுவேன். நீ கல்யாணத்துக்கு மறுநாளே பந்தியில் மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். உன் அம்மிச்சிக்குப் புரையேறியது. அன்றைக்கு உன்னைத் திட்டினேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். இத்தனை மாதமாக அந்தப் பெயரை நீ எழுதவில்லை.

குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ ஆறாவது படிக்கும்போது பொதுப்பெயர், சிறப்புப்பெயர் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்துத்தான் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். பரீட்சைத் தாள் முழுக்கச் சிவப்பு வட்டம். “நீதானே சொன்னாய்” என்று அழுதாய். கவனமில்லாமல் எழுதியது நீ என்று சொல்லி, விளக்குமாற்றுக் குச்சியால் உன் புறங்கையில் அடித்தேன். எனக்குத்தான் தெரியவில்லை என்று அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. நீ இருக்கிற ஜெர்மனி தேசத்துப் பாஷையில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்தே போடுவார்களாம், இப்போதுதான் கேள்விப்பட்டேன். அதனால் என் தப்பு சரியாகிவிடாது. அன்றைக்குப் பிறகு நீ என்னிடம் சந்தேகம் கேட்பதை நிறுத்திவிட்டாய். பாடத்தில் மட்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கச்சாயம் சுட்டு வைத்திருக்கிறேன், கெடாது. திங்கட்கிழமை பார்சல் போட வேண்டும். அட்டைப்பெட்டியின் மேல் ‘டு’ என்று எழுதி நிறுத்தி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு பெயரா, இரண்டு பெயரா என்று மட்டும் எழுது. எதுவானாலும் அப்படியே எழுதி அனுப்புகிறேன்.

அம்மா