பந்தோபஸ்தின் உறவுக்காரர்கள்: அகராதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் அகராதிகளைத் தொகுப்பவர்களுக்கும், பழைய அகராதிகளைத் திருத்தி இணையத்தில் ஏற்றிக்கொண்டிருப்பவர்களுக்கும்,

வணக்கம். கடிதம் நீளம், கோரிக்கை ஒன்றுதான். பாரசீகத்திலிருந்து வந்த சொற்களுக்கு எதிரே "உருது" என்றோ "இந்துஸ்தானி" என்றோ ஒரு சுருக்கக் குறியைப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடாதீர்கள். அந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் கை மாறி வந்தது, தமிழில் அதற்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் உண்டா என்று கூடவே இரண்டு மூன்று வரி எழுதுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்று காட்ட ஒரே ஒரு பாரசீகச் சொல் போதும்: பந்த். நம்மூரில் கடையடைப்புக்குச் சொல்கிறோமே, அதேதான்.

பாரசீகத்தில் 'பஸ்தன்' என்றால் கட்டுதல், மூடுதல். அந்த வினையின் நிகழ்கால அடி 'பந்த்'. கைக்காப்பு தஸ்த்பந்த், கழுத்தணி கர்தன்பந்த், இடுப்புக்கச்சு கமர்பந்த். இந்தக் கமர்பந்த் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்களின் இடுப்பில் ஏறி, அவர்களுடைய விருந்து உடை வரைக்கும் போய்விட்டது. குதிரைக்கு லாடம் அடிப்பவர் நஅல்பந்த். தமிழிலும் லாடம் 'கட்டுவது' என்று சொல்வதுண்டு. வெறுமனே பந்த் என்றால் கயிறு, விரல் மூட்டு, சட்ட விதியின் உட்பிரிவு, சிறைச்சாலையின் ஒரு பகுதி, எல்லாம்தான். ஐஸ்கிரீமுக்குப் பெயர் பஸ்தனீ, அதாவது கட்டியாக உறைந்தது.

அணைக்கும் அதே பெயர். ஈரானின் ஷூஷ்தரில் காரூன் ஆற்றின் குறுக்கே பந்தே கைசர் என்று ஒரு பழைய அணை இருக்கிறது. பொருள், சீசரின் அணை. கி.பி. 260-இல் ரோமப் பேரரசர் வலேரியனைச் சிறைபிடித்த பாரசீக மன்னன் முதலாம் ஷாபூர், ரோமானியக் கைதிகளை வைத்துக் கட்டியது என்பது மரபுக் கதை. ஷூஷ்தரின் நீர்ப்பணிகள் 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஆப்கானிஸ்தானின் பாமியானில் உள்ள பந்தே அமீர் ஏரிகளின் பெயரிலும் இதே பந்த்தான். அங்கே அணை கட்டியவர் யாரும் இல்லை. நீரிலுள்ள சுண்ணாம்பு படிந்து படிந்து இயற்கையாகவே சுவர் எழுந்திருக்கிறது.

இதற்கும் முன்னால் போனால் ஈரானின் பெஹிஸ்துன் மலை. பாரசீகப் பேரரசன் முதலாம் டேரியஸ் கி.மு. 520-ஐ ஒட்டிப் பாறையில் வெட்டிவைத்த கல்வெட்டில், தன் படைத்தலைவர்களை 'மனா பந்தகா' என்கிறான். 'என் அடியவன்', நேர்ப்பொருளில் என்னோடு கட்டுண்டவன். வேடிக்கை என்னவென்றால், ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன அந்த எழுத்தில் 'ந்' எழுதவே இல்லை. பழம் பாரசீக எழுத்து மெய்க்கு முன் வரும் மூக்கொலியை விட்டுவிடும். படிப்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பந்தக இடைக்காலப் பாரசீகத்தில் பந்தக் ஆகி, இன்று 'பந்தே' என்று நிற்கிறது. அடிமை, கடவுளின் அடியவன் என்பதோடு, பணிவாகப் பேசும் ஈரானியர் 'நான்' என்பதற்குப் பதில் சொல்வதும் இதைத்தான். வைணவர் வீட்டில் 'அடியேன்' கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இதே சொல் பஞ்சாபிக்குப் போனதும் பணிவெல்லாம் கழன்றுவிட்டது. அங்கே பந்தா என்றால் சும்மா 'ஆள்'.

சரி, இதெல்லாம் ஈரான் சமாச்சாரம், தமிழ் அகராதிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. பாரசீகமும் சமஸ்கிருதமும் ஒரே மூதாதை மொழியின் கிளைகள். அங்கே பந்த் என்றால் இங்கே பந்த்⁴, கடைசி எழுத்தில் மட்டும் மூச்சு கொஞ்சம் கூடுதல். ஆங்கிலத்தின் பைண்ட் (bind), பாண்ட் (bond) இரண்டும் இதே வேரிலிருந்து கிளைத்தவை. இந்த மூச்சு வித்தியாசத்தைத் தமிழ் எழுத்து காட்டாது. அதனால் சமஸ்கிருத வழியில் வந்த பந்தம், சம்பந்தம், பிரபந்தம், நிபந்தனை எல்லாவற்றுக்கும் பக்கத்தில், பாரசீக வழியில் வந்த பந்த்தும் ஜமாபந்தியும் (ஊர் வருவாய்க் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை) ஒரே முகஜாடையோடு உட்கார்ந்திருக்கின்றன. எது எந்த வழியில் வந்தது என்று அகராதி சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

பந்தோபஸ்தையே பிரித்துப் பாருங்கள். பந்த்-ஓ-பஸ்த். நடுவில் நிற்கும் 'ஓ' பாரசீகத்தில் 'உம்'. ஒரே வினையின் இரண்டு அடிகளை ஜோடி சேர்த்திருக்கிறார்கள். கட்டி முடித்த காரியம், ஏற்பாடு. இதில் 'பஸ்த்' என்ற பகுதிக்குச் சமஸ்கிருதத்தில் நேர் இணை 'பத்த', கட்டப்பட்டது என்று பொருள். அந்தப் பத்தவைத்தான் நம் சைவ சித்தாந்திகள் 'பெத்தம்' என்று எழுதினார்கள். உயிர் ஆணவம் முதலான மலங்களால், அதாவது அழுக்குகளால், கட்டுண்டு கிடக்கும் நிலை. பெத்தமும் முத்தியும் பற்றிப் பேசும் சாத்திர உரைக்கும், திருவிழாக் கூட்டத்தில் நிற்கும் போலீஸ் பந்தோபஸ்துக்கும் இப்படி ஒரு ரத்த சொந்தம். எனக்குப் பிடித்த இந்த விஷயத்தைத் தமிழ்ப் பதிவு ஒன்றில் படித்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பேன்!

இந்தச் சொற்கள் வந்த வழியும் எழுத வேண்டியதுதான். ஆற்காட்டு நவாப்களின் தர்பார் மொழி பாரசீகம். வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நீதிமன்றங்களிலிருந்து பாரசீகம் விலக்கப்பட்டதே 1837-இல்தான். வரி வசூலும் கணக்கும் அந்த மொழியில் நடந்ததால் தாசில்தார், ஜமாபந்தி போன்றவை தாலுகா அலுவலகத்தில் தங்கிவிட்டன. இவற்றிலும் ஒரு சிக்கல். ஜமாபந்தியில் முன்பாதி 'ஜமா' அரபு, பின்பாதி 'பந்தி' பாரசீகம். தாசில்தாரிலும் அப்படியே, 'தஹ்சீல்' அரபு, 'தார்' பாரசீகம். "உருது" என்ற ஒற்றைக் குறி இத்தனையையும் மூடி மறைத்துவிடுகிறது. இப்போது அரசு ஆவணங்களில் ஜமாபந்தியை வருவாய்த் தீர்வாயம் என்று எழுதுகிறார்கள், நல்ல சொல். ஆனாலும் '1434-ஆம் பசலி ஜமாபந்தி' (பசலி என்பது வருவாய்க் கணக்கு ஆண்டு) என்றால்தான் மனு எழுதிக்கொண்டு வருகிறவருக்குச் சட்டென்று புரிகிறது. நான் எந்தச் சொல்லையும் காப்பாற்றச் சொல்லி மனுப்போடவில்லை. வழக்கொழியட்டும், அதற்கு முன் பிறப்பைப் பதிந்துவிடுங்கள் என்கிறேன்.

இன்னொரு பக்கம், உறவு தேடுகிற உற்சாகத்தில் ஒலியைப் பார்த்து முடிச்சுப் போடுபவர்களும் உண்டு. பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது, ஆங்கிலத்தில் 'பேட்' என்றாலும் கெட்டது; இரண்டுக்கும் தொடர்பே கிடையாது. சமஸ்கிருதப் பந்து உறவினர், நாம் ஆடுகிற பந்து வேறு. பதிற்றுப்பத்தில் முத்துக்குப் பேர்போன பந்தர் என்ற ஊர் வருகிறது. அதை உடனே பாரசீகத் துறைமுகச் சொல்லான பந்தரோடு கட்டிப்போட ஆசை வரத்தான் செய்யும். பந்தலுக்கும் தமிழில் பந்தர் என்ற வடிவம் உண்டு என்பதை நினைத்துக்கொண்டு, அங்கே ஒரு கேள்விக்குறியைப் போடுவதுதான் நேர்மை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக அச்சானது. அன்று தாளும் ஈய எழுத்தும் செலவு, சுருக்கக் குறி நியாயம்தான். திரையில் இடத்துக்கு என்ன பஞ்சம்? பதிவு இந்த மாதிரி இருந்தால் போதும்:

பந்தோபஸ்து: (பெயர்ச்சொல்) காவல் ஏற்பாடு; முன்பு பொதுவாக ஏற்பாடு, ஒழுங்கு. பாரசீக பந்த்-ஓ-பஸ்த், உருது வழியாக. பஸ்தன் 'கட்டு' என்ற வினையிலிருந்து. இனச்சொற்கள்: தமிழில் பாரசீக வழியாக பந்த், ஜமாபந்தி; சமஸ்கிருத வழியாக பந்தம், பெத்தம்.

அடுத்த திருத்தத்தில் 'ப' வரிசைக்கு வரும்போது இந்த ஒரு பதிவையாவது இப்படி எழுதிப் பாருங்கள்.

அன்புடன்,
அகராதியைக் கதைப் புத்தகம்போல் படிக்கும் ஒரு வாசகர்