தின்பண்ட டப்பாவும் தண்ணீர் பாட்டிலும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு, வணக்கம்.

திங்கட்கிழமை முதல் பிள்ளைகளின் பாட்டிலில் வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்தனுப்புங்கள். குளுக்கோஸ் பொடி, எலுமிச்சை சர்பத், பாக்கெட் பழரசம் எதுவும் வேண்டாம். வெயிலுக்கு நல்லதென்றுதான் கலந்து தருகிறீர்கள். பல்லுக்கு அது ஆகாது.

வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றும். வாயின் பி.எச். அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேலுறையான எனாமலிலிருந்து கால்சியம் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது பிடிக்கும். ஒரு டம்ளர் சர்பத்தை ஒரே மூச்சில் குடித்தால் பல்லுக்கு ஒரு தடவைதான் பாதிப்பு. அதையே காலை முழுக்க மடக்கு மடக்காக உறிஞ்சினால் உமிழ்நீருக்கு ஓய்வே இல்லை. கல்கோனாவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு திரிவதும் இதே கதைதான்.

மிட்டாயைத் திட்டுகிற நாம் பிஸ்கெட்டை விட்டுவிடுகிறோம். கிரீம் பிஸ்கெட் தின்ற பிள்ளையின் கடைவாய்ப் பல்லைக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள்: பள்ளத்தில் மாவு பசையாக அப்பியிருக்கும். உருளைக்கிழங்கு சிப்ஸும் அப்படித்தான். உப்புப் பண்டமாயிற்றே என்று நினைக்க வேண்டாம், அதன் மாவுச்சத்தை உமிழ்நீரே சர்க்கரையாக உடைத்துவிடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் பாக்டீரியாவுக்கு ஒன்றுதான்.

இடைவேளைக்குச் சுண்டல், அவித்த வேர்க்கடலை, வெள்ளரி, கொய்யா, தேங்காய்ச் சில்லு அனுப்பலாம். இனிப்பு கொடுத்தே ஆகவேண்டுமென்றால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். அப்போது உமிழ்நீர் நன்றாகச் சுரக்கும். பிறந்தநாள் மிட்டாயையும் இனி மதியச் சாப்பாடு முடிந்ததும்தான் வகுப்பில் கொடுப்போம். ஒட்டும் மிட்டாய் மட்டும் வேண்டாம்.

மாங்காய், புளி, நெல்லிக்காயில் அமிலம் இயல்பாகவே உண்டு. தின்றதும் தண்ணீரில் கொப்பளித்தால் போதும். உடனே பல் துலக்கினால் இளகியிருக்கும் எனாமல் தேயும். அரை மணி நேரமாவது கழியட்டும்.

இரவில் சர்க்கரை போட்ட பால் குடித்துவிட்டு அப்படியே படுக்கும் பிள்ளைகள் அதிகம். தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைவதால் பல் சொத்தையாக இது ஒன்றே போதும். முதலில் பால், பிறகு பல் துலக்கல், அதற்குப் பின் தண்ணீர் மட்டும். 1000 பி.பி.எம். (ppm) அளவுக்கு, எனாமலைக் காக்கும் ஃப்ளோரைடு உள்ள பற்பசையா என்று டியூபில் பார்த்து வாங்குங்கள். பிரஷ் நிறைய வேண்டாம், ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். நுரையைத் துப்பினால் சரி; கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். ஏழு வயதுவரை நீங்களே துலக்கிவிடுங்கள்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆறு வயதையொட்டி, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே வருவதால் பலர் இதையும் பால் பல் என்று விட்டுவிடுகிறார்கள். இது நிரந்தரப் பல். போனால் வேறு முளைக்காது. முளைக்கும்போது மற்றப் பற்களைவிடத் தாழ்ந்திருப்பதால் பிரஷ் அதன்மேல் படாது. பிரஷைக் குறுக்காகப் பிடித்து அந்தப் பல்லை மட்டும் தனியாகத் தேயுங்கள். சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் திட்டோ கரும்புள்ளியோ தெரிந்தால், வலி வரும்வரை காத்திராமல் அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்