பாலத்துக்கு எத்தனை கண்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கல் பாலங்களைப் பற்றிய செய்திகளில் நம் நாளிதழ்கள் ‘ஆர்ச் பாலம்’ என்றோ ‘வளைவுப் பாலம்’ என்றோ எழுதி வருகின்றன. இவற்றுள் பின்னது குழப்பம் தருவது. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிப் பழகிய நமக்கு, ‘ஒன்பது வளைவுப் பாலம்’ என்றதும் பாதை ஒன்பது முறை திரும்புவதாகவே தோன்றும். இலங்கையில் தெமோதரை அருகே 1921-இல் கட்டி முடிக்கப்பட்ட ரயில் பாலத்துக்கு அதுவே பெயர்; போதாக்குறைக்கு, அதன் மேல் தண்டவாளமும் வளைந்துதான் செல்கிறது.

இதற்குப் பேச்சு வழக்கிலேயே ‘கண்’ என்ற நல்ல சொல் உண்டு. செங்கோட்டையிலிருந்து தென்மலைக்குச் செல்லும் வழியில், கழுதுருட்டி அருகே சாலையை ஒட்டி நிற்கிறது ‘பதிமூன்று கண் பாலம்’. மலையாளத்தில் ‘பதிமூன்னு கண்ணறப் பாலம்’. 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. பேருந்து ஜன்னல் வழியே பார்க்கும்போது ஒவ்வொரு கல் வளைவுக்குள்ளும் பின்னாலுள்ள பச்சை ஒரு துண்டாகத் தெரியும். ஏன் கண் என்றார்கள் என்பது அப்போதே விளங்கிவிடும்.

சல்லடைக்கண், வலைக்கண், ஊற்றுக்கண் என்பவற்றில் வருவது போல, இங்கும் கண் என்றால் திறப்பு என்றே பொருள். ஆனால் இச்சொல் திறப்பை எண்ணுமே தவிர, அதன் வடிவத்தைச் சொல்லாது. 1843-இல் திறக்கப்பட்ட திருநெல்வேலி சுலோச்சன முதலியார் பாலத்தின் பதினொரு கண்களும் வளைவுகள். மேட்டூரின் பதினாறு கண் மதகிலோ கண்தோறும் இருப்பது நீரைத் தடுக்கும் கதவு.

வடிவத்தைச் சொல்ல வேண்டிய இடத்துக்கு ‘வில்வளைவு’ பொருந்தும். ‘ஆர்ச்’ என்பதற்கு வேரான லத்தீன் ‘ஆர்க்கஸ்’ வில்லைக் குறிப்பது. நம்மிடையே வளைவுக்கு வழங்கிய ‘கமான்’ என்ற பாரசீகச் சொல்லுக்கும் வில் என்பதே முதற்பொருள்.

ஆகவே, வளைவுகளை எண்ணிச் சொல்லும் இடங்களில் ‘ஏழு கண் பாலம்’, ‘ஒற்றைக்கண் பாலம்’ என்றே தங்கள் நாளிதழ் எழுதலாம். இலங்கைப் பாலத்தின் பெயர் ஊரறிந்த பெயராகிவிட்டதால் அதை மாற்றச் சொல்ல மாட்டேன். 467 மீட்டர் அகலத்துக்கு ஒரே இரும்பு வளைவாகப் பள்ளத்தாக்கைத் தாண்டும் செனாப் பாலத்தை ‘ஒற்றைக்கண்’ என்றால் சிரிப்புதான் வரும். அங்கே ‘வில்வளைவுப் பாலம்’ என்பதே சரி.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்