பன்னிரண்டு மணிச் செய்தி

டோக்கியோ,
ஆகஸ்ட் 17.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பணம் சென்ற வாரமே அனுப்பிவிட்டேன். மழைக்காலம் தொடங்குவதற்குள் மாடியில் தளம் போட்டுவிடுங்கள். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதோடு விட்டுவிடாமல் டாக்டரிடமும் காட்டுங்கள்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. புழுக்கம் வேறு. முன்னோர்கள் வீடு திரும்புவதாக நம்பும் ஓபோன் நாட்கள் இவை. ஊர் உள்ளவர்களெல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். முதியோர் இல்லத்துக்கு விடுமுறை ஏது? எனக்குப் பகல் பணி. வேலை பழகிவிட்டது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தேநீரைக்கூட அப்படியே கொடுக்கக் கூடாது. ஒரு மாவைத் தூவி, கை நிறுத்தாமல் கலக்கி, கூழ்ப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கட்டி தட்டினால் புரையேறிவிடும். என் கைப்பக்குவத்துக்கு இங்கே நல்ல பெயர் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வீட்டில் ரவை கிண்டியபோது கிடைக்காத பெயர்.

நேற்று முன்தினம் ஆகஸ்ட் 15. நமக்குச் சுதந்திர தினம். இவர்களுக்குப் போர் முடிந்த நாள். சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் கோஷியென் மைதானத்துப் பள்ளி மாணவர்களின் பேஸ்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சங்கு ஊதியது. பையன்கள் தொப்பியைக் கழற்றி நின்ற இடத்திலேயே தலை குனிந்தார்கள். ஆண்டுதோறும் இப்படித்தானாம். எங்கள் இல்லத்திலும் முடிந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தொண்ணூறு வயதைத் தொட்ட ஒரு பாட்டி மட்டும் சக்கர நாற்காலியில் இருந்தபடி மீனை முள் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். ஒரு நிமிடம் முடிந்ததும் என்னைப் பார்த்து, "அன்றைக்கே நின்றுவிட்டேன், போதும்" என்றார்.

"அந்த ரேடியோப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்" என்று அம்மாவிடம் தினமும் பேச்சு வாங்கும் உங்களுக்குத்தான் அவர் கதையை எழுதத் தோன்றியது.

1945இல் அவர் பள்ளிச் சிறுமி. குண்டுவீச்சுக்குப் பயந்து டோக்கியோவின் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக மலையூர்களுக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். இவர் இருந்தது ஒரு கோயிலில். பதினைந்தாம் தேதி காலையிலேயே வானொலியில் அறிவிப்பு: பன்னிரண்டு மணிக்கு மாமன்னரே பேசப்போகிறார், எல்லோரும் கேட்க வேண்டும். அதுவரை மாமன்னரின் குரலைப் பொதுமக்கள் யாரும் கேட்டதே கிடையாது. பகலில் மின்சாரம் இல்லாத ஊர்களுக்கும் அன்று மின்சாரம் விட்டார்கள்; ஒலிபரப்பின் சக்தியை 10 கிலோவாட்டிலிருந்து 60 கிலோவாட்டுக்கு ஏற்றினார்கள். (இதைப் படித்ததும் தலையை ஆட்டுவீர்கள் என்று தெரியும்.)

அப்படியும் பாட்டிக்குக் கேட்டது இரைச்சல்தான். நாலரை நிமிடம் போலப் பேசிய மாமன்னரின் நடையோ அரண்மனை நடை. நாட்டு நிலவரம், எதிரியின் கொடிய புதுக் குண்டு, தாங்க முடியாததைத் தாங்குவது என்றெல்லாம் வந்தது; தோற்றுவிட்டோம் என்று நேராக ஓரிடத்திலும் வரவில்லை. நான்கு நாடுகளின் கூட்டறிக்கையை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்; அது சரணடையச் சொன்ன அறிக்கை என்று ஊர் ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னும் மும்முரமாகப் போரிடச் சொல்கிறார் என்று எண்ணிக் கிளம்பியவர்களும் உண்டாம். பாட்டியின் கவலை வேறு. மத்தியானக் கஞ்சி ஆறிப்போகிறதே என்று நின்றிருக்கிறார்.

விஷயத்தை விளங்க வைத்தவர் செய்தி வாசிப்பாளர்தான் அப்பா. வாதா நொபுகாதா என்பவர். "நாடு முழுவதும் உள்ள நேயர்கள் எழுந்து நிற்க வேண்டுகிறேன்" என்று தொடங்கிவைத்தவரும் அவரே. மாமன்னர் பேசி முடித்த பிறகு அதே பிரகடனத்தை நிறுத்தி நிதானமாக மறுபடி வாசித்து, அந்த முடிவின் பின்னணியைச் செய்தியாகச் சொன்னார். மொத்தம் அரை மணி நேரத்துக்கும் மேல். அதைக் கேட்ட பிறகுதான் பாட்டியின் வாத்தியார் தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

நேற்று எனக்கு ஓய்வு. அடாகோ குன்றின் மேல் வானொலி அருங்காட்சியகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. 1925இல் இந்நாட்டு வானொலி நிலையம் அமைந்த அதே குன்று. பக்கத்துக் கோயிலின் படிகள் செங்குத்து. ஏறி முடித்தபோது மூச்சு வாங்கியது.

வீட்டுக்கு வந்து இரவெல்லாம் இதைப் பற்றியே படித்தேன். மாமன்னர் நேரலையில் பேசவில்லை. முந்தின இரவே ஒலித்தட்டில் பதிந்துவிட்டார்கள். சரணடைய மனமில்லாத இளம் ராணுவ அதிகாரிகள் சிலர் காவற்படைத் தளபதியைக் கொன்றுவிட்டு, அந்தத் தட்டுகளைத் தேடி அரண்மனையைப் புரட்டிப் போட்டார்கள். அரண்மனை ஊழியர் ஒருவர் அவற்றைச் சிறிய பெட்டகம் ஒன்றில் பூட்டி வைத்திருந்ததால் அகப்படவில்லை. விடிவதற்குள் அவர்களில் ஒருவரான மேஜர் ஹதானாகா வானொலி நிலையத்துக்கே போய், தன் அறிக்கையை ஒலிபரப்ப வேண்டுமென்று துப்பாக்கியை நீட்டினார். பணியிலிருந்த செய்தி வாசிப்பாளர் தாதேனோ மோரியோ இணங்கவில்லை. விமானத் தாக்குதல் எச்சரிக்கை நடப்பில் இருக்கிறது, ராணுவத் தலைமையகத்தின் அனுமதி இல்லாமல் முடியாது என்று சட்டம் பேசியிருக்கிறார்! பிறகு காலை 7.21க்கு, மாமன்னர் பேசப்போகும் அறிவிப்பைப் படித்ததும் அவர்தான்.

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. 1941 டிசம்பர் 8 காலை ஏழு மணிக்குப் போர் தொடங்கிய செய்தியை வாசித்ததும் இதே தாதேனோ. இடைப்பட்ட நாலாண்டில் அந்த வானொலி சொன்ன பொய்க்கு அளவில்லை. மிட்வே கடற்போரில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களைப் பறிகொடுத்துவிட்டு ஒன்றுதான் போயிற்று என்றார்கள். ஹிரோஷிமாவே அழிந்ததற்கு, புதுவகைக் குண்டால் கணிசமான சேதம் என்றார்கள். எழுதிக் கொடுத்தது ராணுவம், வாசித்தவர்களை என்ன செய்வது என்பீர்கள். இருக்கலாம். ஆனால் "ரேடியோவிலேயே சொல்லிவிட்டான்" என்று நீங்கள் முடிக்கிற வாதங்களை இனிமேல் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டேன். அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலுக்கு மட்டும் விதிவிலக்கு.

இன்று காலை பாட்டியிடம் நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவருக்கு அதில் அக்கறையே இல்லை. அவர் மனதில் நிற்பது போருக்குப் பிந்திய இன்னொரு நிகழ்ச்சி. 1946 முதல் 1962 வரை, காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்களின் கடிதங்களை வானொலியில் வாசித்திருக்கிறார்கள்: இன்ன ஊர்க்காரர், மஞ்சூரியாவில் இன்ன படையில் இருந்தவர், விவரம் தெரிந்தவர்கள் எழுதவும். பாட்டியின் அம்மா அந்த நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாராம். தாய்மாமன் பெயர் வருமா என்று. எழுதிப் போட்டிருந்தார்கள், ஒரு நாள் வாசிக்கவும் செய்தார்கள். ஆள் வரவில்லை. "பெயரைச் சரியாக உச்சரித்தார்கள்" என்றார் பாட்டி. அதில் அவருக்கு இன்றைக்கும் ஒரு திருப்தி.

நீங்கள் 1971இல் டாக்கா விழுந்த செய்தியை டீக்கடை ரேடியோவில் கேட்டதாகச் சொல்வீர்களே, அதை விவரமாக எழுதுங்கள். கடையில் யார் யார் இருந்தார்கள், செய்தியைக் கேட்டதும் என்ன பேசிக்கொண்டார்கள், எல்லாம் வேண்டும். பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கடிதம் வந்ததா என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.

அம்மாவுக்கு என் அன்பு. தம்பியை ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்